லிப்டன் கிண்ணமும் வெஸ்ட் ஆக்லண்ட் அணியும்: எது வரலாறு, எது ஊர்க்கதை?

கொழுந்துக்கூடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஹப்புத்தளைப் பக்கத்தவன். எங்கள் அம்மாயி தம்பேதென்ன தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தராசில் குறித்த எடை நிற்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலிதான், விழும் என்று அவர் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். லிப்டன் துரை 1890-இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய கதையும், மலையுச்சியில் அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்த இடத்துக்கு 'லிப்டன் சீட்' என்று பெயர் வந்த கதையும் எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும்.

அதே லிப்டன் 1909-இல் ஓர் உதைபந்தாட்டக் கிண்ணத்தை வழங்கினார் என்றும், இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்தில் வெஸ்ட் ஆக்லண்ட் என்ற கிராமத்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அணி இத்தாலிக்குப் போய் அதை வென்றது என்றும், அதுவே 'முதல் உலகக் கிண்ணம்' என்றும் அண்மையில்தான் அறிந்தேன். சம்பளம் வாங்காமல் விளையாடிய ஒரு கிராமத்துக் கழகம் எப்படி இங்கிலாந்தின் சார்பில் போனது? பெயரை மாற்றிப் படித்ததால் தவறுதலாக அழைப்பு வந்தது என்கிறார்களே, அது உண்மையா? அந்தக் கிண்ணமும் கழகமும் பிறகு என்னவாயின? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பந்து எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. முதலில் ஆட்டங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. 1909 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையின்போது, இத்தாலியின் டூரின் நகரில் நான்கு நாட்டு அணிகள் கூடின. ஜெர்மனியிலிருந்து வந்த ஸ்டுட்கார்ட் ஸ்போர்ட்பிராய்ண்டே அணியை அரையிறுதியில் 2-0 என்ற கணக்கிலும், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியை இறுதியாட்டத்தில் அதே 2-0 கணக்கிலும் வெஸ்ட் ஆக்லண்ட் வென்றது. 1911-இல் கோப்பையைத் தக்கவைக்க மீண்டும் போனார்கள். சூரிக் அணியை 2-0 என வென்றுவிட்டு, இறுதியில் யுவென்டஸ் அணியை 6-1 என்று வீழ்த்தினார்கள். இரண்டு முறை வென்றதால் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே உரியதாயிற்று.

ஆனால் 'முதல் உலகக் கோப்பை' என்ற பட்டத்தை நான் ஏற்பதில்லை. வந்தவை தேசிய அணிகள் அல்ல, கழகங்கள். 1909-இல் இத்தாலியின் சார்பில் ஆடியதுகூட டூரின் நகரத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைத்த அணிதான். ஐரோப்பாவைத் தாண்டி யாரும் வரவில்லை. மேலும், கோப்பை வழங்குவது லிப்டனுக்குக் கைவந்த பழக்கம். அர்ஜென்டினாவும் உருகுவேயும் மோதிக்கொள்ள 1905-இலேயே அவர் ஒரு கோப்பை கொடுத்திருக்கிறார். தேயிலைப் பொட்டலத்தின்மேல் இருக்கும் பெயர் விளையாட்டுப் பக்கத்திலும் வந்தால் வியாபாரத்துக்கு என்ன நஷ்டம்? உலகக் கோப்பை என்ற பெயருக்கு உரியது 1930-இல் உருகுவேயில் தொடங்கியதுதான்.

அழைப்பு தவறிப்போன கதைக்கு வருகிறேன். லிப்டன் தம் செயலாளரிடம் 'டபிள்யூ, ஏ' என்ற முதலெழுத்துகளைக் கொண்ட அணியை அழைக்கச் சொன்னாராம்; அவர் மனத்தில் இருந்தது இன்றைய ஆர்சனலின் அன்றைய வடிவமான வுல்விச் ஆர்சனலாம்; கடிதமோ வெஸ்ட் ஆக்லண்டுக்குப் போய்விட்டதாம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு ஆதாரமாகக் காட்டத்தக்க கடிதம் எதுவும் இல்லை. லிப்டனின் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்தப் பகுதி லீக்கில் நடுவராகவும் இருந்தார், அவர் வழியாக அழைப்பு போனது என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நடுவர் கதையையே நான் நம்புவேன், ஏனெனில் அதில் வேடிக்கை குறைவு. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் சார்பில் அணி அனுப்ப மறுத்துவிட்டது என்பதுதான் இதில் அடிப்படையான செய்தி. சங்கம் ஒதுங்கிக்கொண்டதால் ஏற்பட்ட காலியிடத்தில்தான் ஒரு கிராமத்து அணி உட்கார முடிந்தது.

டர்ஹம்வாசி எழுதியது:

நான் பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்த மாவட்டத்தில் வசிக்கிறேன் என்பதால், பழைய பந்து ஐயா விட்டுவைத்த பகுதியை நிரப்பலாம் என்று நினைக்கிறேன். வெஸ்ட் ஆக்லண்டைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதிசயம் போலத் தெரியும். அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு அதிசயம் இல்லை. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிஷப் ஆக்லண்ட், இங்கிலாந்தின் அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்ற கழகம். வேறு எந்த அணியும் அத்தனை முறை வென்றதில்லை. அருகிலுள்ள குரூக் என்ற சிற்றூரின் அணி ஐந்து முறை வென்றது. 1889-இல் தொடங்கிய நார்தர்ன் லீக்தான் இவர்களுக்கெல்லாம் பொதுவான களம். ஒவ்வொரு சுரங்கத்தைச் சுற்றியும் ஒரு கிராமம், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் அணி, அந்த அணிக்குள் நுழைய சுரங்கத்தில் வேலை பார்க்கும் இளைஞர்களிடையே போட்டாபோட்டி என்று ஒரு நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

1909-இல் டூரினுக்குப் போன அணியில் அந்தக் குரூக் ஊர்க்காரர் ஒருவர் விருந்தாளி ஆட்டக்காரராகச் சேர்ந்துகொண்டார். ஜாக் கிரீன்வெல் என்பது அவர் பெயர்; அவரும் சுரங்கத் தொழிலாளி. மூன்றாண்டுகள் கழித்து பார்சிலோனா கழகத்தில் ஆட்டக்காரராகச் சேர்ந்து, 1917 முதல் அதன் பயிற்சியாளராகவும் இருந்தார். பிறகு தென்னமெரிக்காவுக்குப் போய், 1939-இல் பெரு நாட்டு அணியைத் தென்னமெரிக்க வாகையர் பட்டம் வரை கொண்டுசென்றார். இந்த நிலக்கரி வயலில் எவ்வளவு ஆட்டத்திறன் கிடந்தது என்பதற்கு இந்த ஒரு மனிதரே போதும்.

இனிக் கோப்பையின் கதை. அன்றைய அமெச்சூர் ஆட்டக்காரருக்குச் சம்பளம் இல்லை என்பது பாதிதான். வெளிநாடு போகும் நாட்களில் சுரங்கக் கூலியும் இல்லை. அம்மாயி சொன்ன அரைப்பேர் இங்கே முழுப்பேராகவே போயிருக்கும். பயணச் செலவுக்காகச் சிலர் வீட்டுச் சாமான்களை விற்றார்கள் என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். இரண்டாம் பயணம் கழகத்தைக் கடனில் தள்ளியது. யுவென்டஸை ஆறு கோல் போட்டு வென்றுவிட்டு வந்தவர்கள், ஊர் திரும்பியதும் அந்தக் கோப்பையையே கழகம் கூடும் விடுதியின் உரிமையாளரான பெண்மணியிடம் ஈடாக வைத்து 40 பவுண்டு கடன் வாங்கினார்கள். கழகமும் நொடித்துப்போய், சில ஆண்டுகளுக்குப் பின் வெஸ்ட் ஆக்லண்ட் டவுன் என்ற பெயரில் மறுபடி எழுந்தது. கோப்பை திரும்பி வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று: 1960-இல் 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள்.

மீட்ட கோப்பை ஊர்த் தொழிலாளர் மன்றத்தில் இருந்தது. 1993 டிசம்பரில் டர்ஹம் நிலக்கரி வயலின் கடைசி ஆழ்சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், திருடர்கள் அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூலக் கோப்பை இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதன் மாதிரியில் செய்த நகல்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் மைதானத்துக்குப் போயிருந்தேன். மழைத் தூறலில் கம்பித் தடுப்பின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, காகிதக் கோப்பைத் தேநீரைக் கையை மாற்றி மாற்றிப் பிடித்தபடி ஆட்டத்தைப் பார்த்தோம். பந்து வெளியே போனபோதெல்லாம் என் பக்கத்தில் நின்ற முதியவர்தான் எடுத்து எறிந்தார். எறிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பந்தைத் தம் கோட்டில் துடைத்தார்.

மூன்றாம் பாதி எழுதியது:

பழைய பந்து ஐயாவின் கருத்தோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். 1930-ஐப் போன்றதா 1909 என்று கேட்டால் இல்லை என்பதுதான் விடை. ஆனால் வெவ்வேறு நாடுகளின் அணிகளை ஓரிடத்தில் கூட்டி, ஒவ்வொன்றையும் அதன் நாட்டின் பெயரால் அறிமுகப்படுத்தி, ஒரே கோப்பைக்காக மோதவிட்ட மிகப் பழைய முயற்சிகளில் இதுவும் ஒன்று என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்தப் பட்டத்தை ஊர்மக்கள் தாமாகக் கட்டிவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். 1982-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் இந்தக் கதை படமாக வந்த பிறகுதான் அது நாடெங்கும் பரவியது. சொல்லப்போனால், இன்று நாம் 'நடந்ததாக' நம்பும் சில காட்சிகள் அந்தப் படத்தில் பிறந்தவையோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

கழகத்தின் வரலாறு 1911-உடன் முடிந்துவிட்டதுபோல எல்லாரும் எழுதுவது எனக்குக் குறையாகப் படுகிறது. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வெஸ்ட் ஆக்லண்ட் நார்தர்ன் லீக் பட்டத்தை வென்றது; 1961-இல் அமெச்சூர் கோப்பையின் இறுதியாட்டத்துக்கும் வந்து, வெம்ப்ளி மைதானத்தில் வால்தம்ஸ்டோ அவென்யூ அணியிடம் 2-1 எனத் தோற்றது. கோப்பையை ஈட்டிலிருந்து மீட்டதும் ஏறக்குறைய அதே காலம் என்பதைக் கவனியுங்கள். என் பார்வையில், கழகம் ஆட்டத்தில் மிக உயர்ந்து நின்ற காலம் அதுதான், டூரின் நாட்கள் அல்ல.

அமெச்சூர் என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அக்காலத்தில் பெரிய அமெச்சூர் அணிகள் பலவற்றில் ஆட்டம் முடிந்து வருபவரின் காலணிக்குள் சில பணத்தாள்கள் இருக்கும் என்பது ஊரறிந்த இரகசியம். எந்தக் கழகம் கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று இப்போது துருவுவதில் பயனில்லை. அந்தப் பாசாங்கு போதும் என்று 1974-இல் கால்பந்துச் சங்கமே அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவை நீக்கிவிட்டது. அமெச்சூர் கோப்பையும் அத்துடன் நின்றது. அதன் பிறகு சிறிய கழகங்களுக்காக வந்த வாஸ் கோப்பையில் வெஸ்ட் ஆக்லண்ட் 2012-இலும் 2014-இலும் இறுதிவரை வந்து, இரண்டு முறையும் வெம்ப்ளியில் தோற்றது. முதலில் டன்ஸ்டன் அணியிடம் 2-0, பிறகு ஷோலிங் அணியிடம் 1-0. ஆக, வெம்ப்ளிக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பியவர்கள்.

கொழுந்துக்கூடை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈடு வைத்த செய்தியை வீட்டில் சொன்னேன். "காதுத் தோட்டை அடகு வைக்கிற மாதிரியா?" என்று அம்மா கேட்டார். மீட்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது என்றதும், "வட்டி என்னாச்சு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

லிப்டன் சீட்டில் இப்போது அவருடைய சிலை ஒன்று கையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெஸ்ட் ஆக்லண்டில் அந்த ஆட்டக்காரர்களுக்கு ஏதேனும் நினைவுச் சின்னம் உண்டா, டர்ஹம்வாசி அண்ணா?

டர்ஹம்வாசி எழுதியது:

உண்டு தம்பி. ஊர் நடுவிலுள்ள புல்வெளியில் 2013-இல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பிஷப் ஆக்லண்டிலிருந்து பேருந்தில் வந்தால் சிறிது நேரத்தில் ஊர் வந்துவிடும். அடுத்த முறை போகும்போது படம் எடுத்து இங்கே இடுகிறேன். நீங்கள் அந்த மலையுச்சிச் சிலையின் படத்தை இடுங்கள்.