என் பெயரில் யாரோ வாங்கிய கல்விக் கடன், எப்படி ரத்து செய்வது?
அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, ஒரு உதவி. நான் வாங்காத ஃபெடரல் (மத்திய அரசு) கல்விக் கடனுக்குத் தவணை கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கல்லூரி வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் அடையாள எண்) மட்டும் என்னுடையது, ஈமெயில், முகவரி எல்லாம் வேறு யாருடையதோ, கையெழுத்தில் என் பெயரே தப்பு (திருடுகிறவன் அதையாவது சரியாக எழுதக்கூடாதா!).

எஃப்டிசி (அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் அடையாளத் திருட்டுப் புகார் பதிந்தாயிற்று, போலீஸ் ரிப்போர்ட்டும் கையில் இருக்கிறது. எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மூன்று நிறுவனங்களிலும் கிரெடிட் ஃப்ரீஸ் (என் பெயரில் யாரும் புதுக் கடன் வாங்க முடியாதபடி தடை) போட்டுவிட்டேன், அது இலவசம்தான். புகாரும் அடையாளச் சான்றும் கிடைத்த 4 வேலை நாளுக்குள் அந்தக் கடன் விவரத்தை இந்த மூன்று நிறுவனங்களும் தங்கள் பதிவில் முடக்கியாக வேண்டும் என்று சட்டமே இருப்பதால் அதற்கும் எழுதியாயிற்று.

இழுத்தடிப்பது கடனை வசூலிக்கும் நிறுவனம்தான். கூப்பிடும்போதெல்லாம் வேறொருவர் எடுக்கிறார், மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அடையாளத் திருட்டுக்கான 'ஃபால்ஸ் சர்ட்டிஃபிகேஷன்' (பொய்ச் சான்றின் பேரில் தரப்பட்ட கடன் என்று காட்டும்) ரத்து விண்ணப்பம் யாராவது போட்டிருக்கிறீர்களா? கையெழுத்து மாதிரிக்கு எந்தப் பழைய ஆவணங்களை வைத்தீர்கள்? முடிவு வரும்வரை வசூலை நிறுத்திவைத்தார்களா? அப்புறம், கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடம் நேரடியாகப் பேசிப் பலன் கிடைத்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.