டம்மி டக் (tummy tuck) என்ற வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தோழிகளே, ரெண்டு சிசேரியனுக்கு அப்புறம் என் வயிற்றுத் தசை நடுவில் விலகியே நிற்கிறது. பிசியோதெரபி செய்தும் சேரவில்லை. தொங்கும் தோலின் மடிப்பில் வேர்த்து, வெயில் காலத்தில் புண்ணே வந்துவிடுகிறது. டாக்டர் டம்மி டக் செய்யலாம் என்கிறார். தசையை இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி எடுப்பார்களாம். தழும்பு இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை இருக்கும். சுமார் 6 வாரம் கனம் தூக்கக்கூடாது, இறுக்கமான பெல்ட் வேறு. ஆனால் காலில் ரத்தம் உறையாமல் இருக்க சீக்கிரமே எழுந்து மெல்ல நடக்கவும் வேண்டுமாம்.

செய்தவர்கள் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே சேரும் நீர் வடிய வைக்கிற அந்த டிரெய்ன் (drain) குழாயை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினீர்கள்? குனிந்தபடியே நடக்க வேண்டும் என்கிறார்களே, நிமிர எத்தனை நாள் ஆனது? என் சின்னவன் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். அந்த வயதுப் பிள்ளையை எப்படிச் சமாளித்தீர்கள்? அழகுக்கான சிகிச்சை என்று இன்சூரன்ஸில் கைவிரித்துவிட்டார்கள். முறையிட்டு வாங்கியவர் உண்டா?

ஓமத் தண்ணீர் குடித்தால் வயிறு வற்றும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை மாமியார் தினமும் சொல்கிறார்.