நீலகிரிப் பழைய ஓட்டு வீடுகளில் குளிர் தடுப்பு: வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்

மலைத்தச்சு:
கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துப் பழைய வீடு என்றால் பெரும்பாலும் ஒன்றரை அடிச் சுவர், மண்சாந்து, பலகை மச்சு, அதற்கு மேல் மங்களூர் ஓடு அல்லது தகரம். இதில் காசு முதலில் போக வேண்டியது மச்சுக்கு. சுவரைத் தொட வேண்டாம். அறையின் சூடு பலகை இடுக்குகள் வழியே ஏறி, ஓட்டுச் சந்தில் வெளியே போய்விடுகிறது.

ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) 50 மி.மீ. பலகை, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, மச்சுக்கு மேல் இரண்டு அடுக்கு போடுங்கள். 12-க்கு 14 அடி அறை 15.6 சதுர மீட்டர் வரும். ஒரு மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலப் பலகையில் ஓர் அடுக்குக்கு 26 ஆகும். வெட்டுச் சேதத்தோடு இரண்டு அடுக்குக்கும் 55 வாங்கினால் சரியாக இருக்கும். மச்சைத் தாங்கும் மரச் சட்டங்களின் இடைவெளியைவிட 1 செ.மீ. கூடுதலாக வெட்டி அழுத்திச் செருகுங்கள். இரண்டாம் அடுக்கைக் குறுக்கே போட்டால் கீழ் மூட்டுகள் மறையும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் மச்சில் ஏறாதீர்கள்.

குந்தாக்காரர்:
தச்சர் அண்ணன் சொன்னதோடு ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் மலையில் கெட்டுப்போன வேலைகளில் பாதிக்கு மேல் கெட்டது ஈரத்தால்தான். சமையல், வெந்நீர், மூச்சு எல்லாவற்றின் ஆவியும் மேலே போகிறது. மச்சுக்குப் பஞ்சு போட்டதும் ஓட்டுச் சந்து முன்பைவிடக் குளிர்ந்துவிடும். ஆவி அங்கே தண்ணீராகும். உறைபனி விழும் ஜனவரியில், விடிவதற்கு முன் மச்சில் ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள். தகரத்தைத் துளைத்து இறங்கிய ஆணி முனை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தொங்கும். அது பஞ்சில் இறங்கினால் குளிர் தாங்காது, கீழே பலகையும் கறுத்துப்போகும்.

செய்ய வேண்டியது: பஞ்சுக்கு அடியில், அதாவது அறைப் பக்கம், 200 மைக்ரான் பாலித்தீன். மச்சுப் பலகையைக் கழற்றி அடிப்பதாக இருந்தால் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரே விரிப்பாகப் போடலாம். கழற்றாவிட்டால் சட்டங்களுக்கு இடையே விரித்து, ஓரத்தைச் சட்டத்தின் பக்கவாட்டில் ஏற்றி ஸ்டேப்ளர் அடித்து டேப் ஒட்டுங்கள். மூட்டில் 15 செ.மீ. மேலேற்றம் விடுங்கள். ஃபாயில் ஒட்டிய ராக்வூல் வாங்கினால் ஃபாயில் முகம் கீழே பார்க்க வேண்டும். பளபளப்பு மேலே என்று நினைத்துத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அப்போது பஞ்சுக்குள் ஏறும் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும்.

பஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. காலியாக இருக்கட்டும். இறவாணத்தில் இரு பக்கமும் காற்று வர வழி விட்டு, எலி நுழையாதபடி 6 மி.மீ. கம்பி வலை அடியுங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் குழாயை மச்சுக்குள் விட்டுவிடாமல் வெளிச்சுவர் வரை கொண்டுபோங்கள்.

வயரிங் 72:
ஒரு விஷயம், யாரும் கவனிப்பதில்லை. செலவு குறைவு என்று தெர்மோகோல் போடுகிறவர்கள், அது பி.வி.சி. வயரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளடைவில் வயர் உறையை வளைந்துகொடுக்க வைக்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் தெர்மோகோலுக்குள் இறங்கி, உறை விறைத்து வெடிக்கும். தெர்மோகோலும் அந்த இடத்தில் உருகினாற்போல் குழியும். பிறகு தீப்பொறி பட்டால் எரியக்கூடிய பொருள் வேறு. ராக்வூல் என்றாலும் ஹீட்டர், கீசர் வயர்களைப் பஞ்சுக்குள் புதைக்காமல் கண்டியூட் குழாயில் போட்டு மேலே கொண்டுவாருங்கள். புதைந்த வயர் சூடாகும். பழைய ரப்பர் உறை வயராக இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

சுண்ணாம்புக்காரை:
சுவரில் ஓதம் என்றதும் உள்ளே சிமென்ட் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கிறார்கள். மண்சாந்துச் சுவர் மழையில் உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் விட்டாக வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும், பூச்சு தகடாகப் பெயரும். ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாகச் சூட்டை விடும். ஆகவே சுவரைக் காய வைப்பதே அதற்கான குளிர் தடுப்பு. வெளி மண்ணைத் தரை மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறக்கி, கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. பலகைத் தரை வீடு என்றால் அடியில் உள்ள காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைக்கவே கூடாது, தரைச் சட்டம் உளுத்துவிடும்.

மலைத்தச்சு:
சன்னலுக்கு என் யோசனை: பழைய தேக்குச் சட்டத்தை எடுக்காதீர்கள். உள்பக்கம் 4 மி.மீ. அக்ரிலிக் தகட்டைக் காந்தப் பட்டையில் நிறுத்துங்கள், கண்ணாடிக்கும் அதற்கும் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி. கோடையில் கழற்றி வைக்கலாம். கதவடிக்குப் பிரஷ் பட்டை, நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங்.

குந்தாக்காரர்:
இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் கரி அடுப்பை உள்ளே வைத்துக் குளிர் காயாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். கணப்பு எரிக்கிறவர்கள் அந்த அறையில் வெளிக்காற்று வர ஒரு வழியை நிரந்தரமாகத் திறந்து வையுங்கள், புகைபோக்கியை வருடம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள், படுக்கை உயரத்தில் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். எரிக்காத புகைபோக்கி சூட்டை இரவெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் வாயைப் பலகையால் மூடலாம். ஓதம் தங்காமலிருக்கக் கையகலத் துளை விட்டு, பலகையின் மேல் ‘கழற்றாமல் தீ மூட்டாதே’ என்று பெரிதாக எழுதிவையுங்கள்.