‘த பியூகிள்’ போல வேறு என்ன கேட்கலாம்?

நண்பர்களே, ஓர் உதவி. தினமும் ரயிலில் போய் வர இரண்டு மணி நேரம் ஆகிறது. இதுவரை துணைக்கு இருந்தது ‘த பியூகிள்’ என்ற பிரிட்டிஷ் அரசியல் நையாண்டி பாட்காஸ்ட். 2007-இல் நகைச்சுவையாளர்கள் ஜான் ஆலிவரும் ஆண்டி சால்ட்ஸ்மனும் தொடங்கியது. ஒலிவடிவச் செய்தித்தாள் என்று பாவனை. வாராவாரம் அதில் ஒரு பகுதி நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போவதாக வேடிக்கையாக அறிவிப்பார்கள். ஆலிவர் விலகிய பிறகு, 2016 முதல் மாறி மாறி வரும் கூட்டாளிகளோடு சால்ட்ஸ்மன் நடத்துகிறார். அவர் சிலேடைகளை அடுக்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கெஞ்சினாலும் நிறுத்தமாட்டார். (கிரிக்கெட் புள்ளிவிவரக்காரரும் அவரே. நான் மயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.)

சிக்கல் என்னவென்றால், பிரிட்டன் அரசியல் எனக்குப் பாதிதான் புரிகிறது. யார் அந்த அமைச்சர் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நகைச்சுவை ஆறிப்போகிறது. பிபிசி வானொலியின் நகைச்சுவை வினாடிவினா ‘த நியூஸ் குவிஸ்’ கேட்டேன்; அங்கும் சால்ட்ஸ்மன், அதே தொல்லை. ஒபாமாவிடம் பணியாற்றியவர்கள் நடத்தும் ‘பாட் சேவ் அமெரிக்கா’வில் அரசியல் அதிகம், சிரிப்புக் குறைவு.

அரசியலோடு சினிமா, தொலைக்காட்சி, பாட்டு எல்லாவற்றையும் வம்புக்கு இழுக்கும் நிகழ்ச்சி ஏதாவது தெரியுமா? தமிழோ ஆங்கிலமோ, எதுவானாலும் சரி. வெறும் வசைபாடல் மட்டும் வேண்டாம். எந்த அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள். திங்கட்கிழமை ரயிலுக்குள் வேண்டும்.