வெட்ட வெட்ட முளைக்கும் காட்டாமணக்கு, சரியும் ஓடைக்கரை: எந்த வேலை முதலில்?

கரைநடை கேட்டது:

பூங்காவை ஒட்டி ஓடும் ஓடையின் ஒரு கரை, சுமார் 200 மீட்டர். ஞாயிறு காலை மூன்று மணி நேரம், 15 தன்னார்வலர்கள். தண்ணீரோரம் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு. மேட்டில் உண்ணிச்செடியும் சில சீமைக்கருவேலமும். காட்டாமணக்கை இரண்டு முறை தரையோடு வெட்டியாயிற்று, சில வாரங்களில் மறுபடி இடுப்புயரம். வெட்டிய சரிவில் நட்ட புங்கன், நீர்மருதுக் கன்றுகளில் பாதி ஒரே மழையில் மண்ணோடு போய்விட்டன. கரையின் அடி ஒரு முழம் குடைந்து நிற்கிறது. இயந்திரம் இறக்க வழியில்லை, களைக்கொல்லி வேண்டாம் என்பது எல்லோர் முடிவும். எங்கிருந்து தொடங்கலாம்?

தூர்வாரி:

காட்டாமணக்கில் வெட்டு பாதி வேலைகூட இல்லை. வெட்டியதை எங்கே போடுகிறீர்கள் என்பதுதான் விஷயம். ஒரு சாண் தண்டு ஈரமண்ணில் விழுந்தாலும் கணுவில் வேர்விட்டுவிடும். தரையோடு வெட்டிக் கரையிலேயே குவித்தால் நீங்களே பதியம் போட்ட மாதிரி.

தண்ணீர் குறைந்த மாதத்தில் இறங்குங்கள். வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே, ஓடையின் குறுக்கே பழைய மீன்வலை ஒன்றைக் கட்டிவிடுங்கள். தப்பி மிதக்கும் துண்டுகள் அதில் நிற்கும். முடிந்ததும் வலையை அவிழ்த்துவிட வேண்டும், மழை வந்தால் அதுவே அடைப்பாகும். தண்டை முதலில் வெட்டி மேலே ஏற்றிவிட்டு, பிறகு கடப்பாரையால் தூரைச் சுற்றி நெம்பி அடிக்கட்டையோடு எடுங்கள். சல்லிவேர் போனால் போகட்டும். சேற்றில் படுத்துக் கிடக்கும் பழைய தண்டுகளை விடக்கூடாது, அடுத்த புதர் அதிலிருந்துதான் வரும். பால் கண்ணில் பட்டால் எரியும், கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

எடுத்ததைக் கரையிலிருந்து தள்ளி, கல்மேலோ தார்ப்பாய்மேலோ பரப்பி, வாரம் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. பச்சையாக உரக்குழியில் போடவே கூடாது.

உண்ணிச்செடிக்கு நேர்மாறு: முழு வேரும் தேவையில்லை. துளிர் எழும் கழுத்து மண்மட்டத்தை ஒட்டியே இருக்கும். அதற்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அங்கேயே காயும். மண்ணைக் கிளறாததால் புது விதையும் அதிகம் முளைக்காது.

சீமைக்கருவேலத்தில் இப்போது கை வைக்காதீர்கள். எவ்வளவு வெறுத்தாலும், அந்தக் கரையை இன்று பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான்.

சரிவு அளப்பவர்:

தூர்வாரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கன்றுகள் போனதற்குக் காரணம் கன்று அல்ல, குடைந்த அடி. தண்ணீர் அடியைத் தின்றால் மேலே எதை நட்டாலும் கட்டியோடு சரியும். ஆகவே முதலில் அடி, பிறகு சரிவு, கடைசியில்தான் மரம். மரநடு விழா எப்போதும் தலைகீழாகத்தான் தொடங்குகிறது, என்ன செய்ய.

அடிக்கு 30 செ.மீ. விட்டமுள்ள தென்னைநார் உருளை போதும். நீர்மட்டத்தில் பாதி புதையும்படி வாய்க்கால் தோண்டிக் கிடத்தி, இரு பக்கமும் முக்கால் மீட்டருக்கு ஒன்றாக முளை அடித்து, முளைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு முனைகளையும் கரைக்குள் வளைத்துப் புதைக்க வேண்டும். பெரும்பாலும் தோற்பது இங்கேதான்: மேல்முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெள்ளம் உருளைக்குப் பின்னால் புகுந்து முன்பைவிட மோசமாகக் குடையும். குடைவில் மண்ணை வெறுமனே கொட்டிவிடாமல், அடுக்கடுக்காக மிதித்து நிரப்புங்கள்.

உருளைக்கு மேலே நொச்சிக் குச்சிகள். பெருவிரல் பருமன், 2 முதல் 3 அடி நீளம், அடிமுனை சாய்வெட்டு, மேல்முனை நேர்வெட்டு. எது மேல் எது கீழ் என்ற குழப்பம் அப்போது வராது. கடப்பாரையால் துளையிட்டு, நாலில் மூன்று பங்கு மண்ணுக்குள் போகும்படி சொருகி, சுற்றி மிதித்து இறுக்குங்கள். காற்றிடைவெளி இருந்தால் வேர் பிடிக்காது. சதுர மீட்டருக்கு 3 குச்சி. வெட்டிய குச்சியை நிழலில் தண்ணீர் வாளியில் வைத்து, அன்றோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். நிறையப் பேர் குச்சியை வெளியே நீளமாக விடுகிறார்கள். முதலில் இலை வரும், வேர் ஈடுகொடுக்காமல் அப்படியே காயும்.

மரங்களைச் சரிவின் உச்சிக்கு 2 மீட்டராவது உள்ளே தள்ளி நடுங்கள். ஓடைக்குள் முளை அடிக்கும் முன் அந்த நீர்நிலைக்குப் பொறுப்பான துறையின் எழுத்து அனுமதி வாங்குங்கள். தண்ணீர் வேகமாக மோதும் வெளிவளைவு என்றால் நார் உருளை தாங்காது. அது கல்கட்டு, பொறியாளர் வேலை.

கரைநடை:

நன்றி. வெட்டிவேர் நடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 200 மீட்டரையும் ஒரே பருவத்தில் முடிக்க முடியுமா?

சரிவு அளப்பவர்:

வெயில் விழும் சரிவில் வெட்டிவேர் அருமை. இரண்டு மூன்று தூராகப் பிரித்து, தாளை ஒரு சாணுக்கு நறுக்கி, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டமாக வரிசை. மேலிருந்து கீழாக நட்டால் வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடி வாய்க்கால் பறிக்கும். நிழலில் மெலிந்து போகும், மரத்தடியில் வீணாக்காதீர்கள்.

விதைத்தட்டு:

200 மீட்டர்? 10 மீட்டரில் தொடங்குங்கள், அதுவும் நல்ல செடிகள் ஓரளவு மிச்சமிருக்கும் பக்கத்திலிருந்து. களையெடுத்து இயற்கைக் காட்டை மீட்க, சிட்னியில் பிராட்லி சகோதரிகள் 1960களில் கடைப்பிடித்த முறையின் சாரம் இதுதான்: நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்துக்கு நகர்வது, மண்ணைக் குறைவாகக் கிளறுவது, நாட்டுச்செடிகள் திரும்ப முளைக்கும் வேகத்தை மீறிக் களையை வெட்டாமல் இருப்பது. முதல் மூன்று மாதம் சுத்தம் செய்த துண்டை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுற்றி, கணுக்காலளவு துளிரையெல்லாம் கையால் பிடுங்குங்கள். அந்தச் சுற்றுக்கு ஆள் இல்லாத ஞாயிறு புது இடம் திறக்க வேண்டாம். வாய்ப்பிருந்தால் மேல்நீரோட்டப் பக்கத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி நகருங்கள். மேலே காட்டாமணக்கு இருக்கும்வரை துண்டு மிதந்து வந்துகொண்டேதான் இருக்கும்.

தூர்வாரி:

ஒன்று விட்டுவிட்டேன். சாக்கடை கலக்கும் ஓடை என்றால் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. கையில் காலில் கீறல் இருப்பவருக்கு மேட்டு வேலை கொடுங்கள். மற்றவர்களுக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கருவேலமுள் இருப்பதால் அடித்தகடு வைத்ததாக. மழை பெய்து இரண்டு நாள்வரை யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். பாலத்தடிக் குழாய்க்குள் எந்தக் காரணத்துக்கும் தலையை நீட்டாதீர்கள், விஷவாயு தேங்கியிருக்கும். வேலை முடிந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஓடையில் இறங்கியதை மருத்துவரிடம் அவர்களே சொல்ல வேண்டும். அவர் கேட்கமாட்டார்.