குன்னூர் குளிருக்கு 34 இன்ச் அகல மானிட்டர்: விஏ பேனலா, ஐபிஎஸ்ஸா?

பனிமூட்டம் (குன்னூர்)

வணக்கம். இப்போ இருக்கிறது 24 இன்ச், 1080பி (1920 × 1080 பிக்சல்), 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் மாறும்). 34 இன்ச் 21:9 (அகலம், உயரம் விகிதம்) வளைவு மானிட்டருக்கு மாறணும். பட்ஜெட் 35,000 ரூபாய், இரண்டாயிரம் ஏறினாலும் சரி. பகல்ல எக்ஸெல், டாலி, பிரவுசர். ராத்திரி 9 மணிக்கு மேல கேம். கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, பிராசசர் ரைசன் 5 5600. மேசை 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. ஆழம். ரூம்ல ஹீட்டர் கிடையாது, ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ளே வந்துடும். 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு இருக்கு.

விஏ, ஐபிஎஸ் ரெண்டும் எல்சிடி திரையோட வகைகள். கோவை கடையில பார்த்த விஏ பேனல்ல கறுப்பு அவ்வளவு அழகா இருந்துச்சு. ஆனா ஐபிஎஸ்தான் எடுக்கணும்னு சிலர் சொல்றாங்க. நம்ம ஊருக்கு எது சரி? இந்தக் கார்டு 3440 × 1440 இழுக்குமா? மேசை போதுமா?

கேத்தி_கணினி

கடையில் பார்த்ததை வைத்து முடிவு பண்ணாதீங்க. கோவையில் அந்த பேனல் 30 டிகிரி வெக்கையில் ஓடிக்கிட்டு இருந்திருக்கும். உங்க ரூமில் ஜனவரி ராத்திரி அதே பேனல் வேற மாதிரி நடந்துக்கும்.

காரணம் எல்சிடி திரைக்குள்ளே இருக்கும் திரவப் படிகம். குளிர் ஏற ஏற அது கெட்டிப்படும், எண்ணெய் உறைகிற மாதிரி. படிகம் திரும்ப நேரம் எடுத்துக்கும். எல்லா எல்சிடிக்கும் இது உண்டு. ஆனா விஏ பேனல் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறும்போது ஏற்கெனவே மெதுவானது. குளிரும் சேர்ந்தா, இருட்டுக் காட்சியில் கேமராவைத் திருப்பினதும் கறுப்புத் தடம் இழுபடும். பேனல் தன் சூட்டிலேயே வெதுவெதுப்பானதும் குறையும், முழுசாப் போகாது. ஓவர்டிரைவை (பிக்சலை வேகமா மாறவைக்கும் மானிட்டர் செட்டிங்) உச்சத்தில் வைத்தா தடம் குறைந்து, உருவத்தின் ஓரத்தில் வெளிர் நிழல் கிளம்பும். நடு அளவிலேயே விடுங்க.

சோதிக்க எளிய வழி: கறுப்புப் பின்னணியில் அடர் சாம்பல் எழுத்துள்ள பக்கத்தை வேகமா உருட்டுங்க. எழுத்து ஊதா கலந்து கரைந்தா அதுதான் தடம்.

ஐபிஎஸ்ஸின் குறை வேற. கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1, விஏவில் 3000:1 வரை போகும். இருட்டு ரூமில் ஐபிஎஸ்ஸின் மூலைகள் வெளுத்துத் தெரியும். மானிட்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சின்ன எல்இடி விளக்கு வைத்தா கண்ணுக்கு அது பெரிசாத் தெரியாது. பகல் முழுக்க எக்ஸெல், ராத்திரி குளிரில் கேம் என்றால் என் தேர்வு ஐபிஎஸ்தான். பட்ஜெட்டை கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டி வரும். பிக்சலே ஒளிவிடும் ஓஎல்இடி திரை வேண்டாம். குளிர் அதை ஒண்ணும் பண்ணாது, ஆனா டாலியின் அசையாத மெனு நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்னா பதிஞ்சுபோகும்.

"எச்டிஆர் 400" (வெளிச்சமும் இருட்டும் கூடுதலாத் தெரியும்னு சொல்ற) முத்திரைக்காக ஒரு ரூபாய்கூட கூட்டிக் கொடுக்காதீங்க. பின்விளக்கைப் பகுதி பகுதியா மங்கவைக்கும் லோக்கல் டிம்மிங் இல்லாத எச்டிஆரில் கறுப்பும் சேர்ந்தே வெளுக்கும்.

கார்டு: 3440 × 1440 என்பது சுமார் 49.5 லட்சம் பிக்சல். உங்க 1080பி 20.7 லட்சம்தான். அதாவது 3060க்கு வேலை சுமார் 2.4 மடங்காகுது. பழைய கேமும் போட்டி கேமும் ஓடும். கனமான புது கேமில் மீடியம் செட்டிங், டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி (உள்ளே 2293 × 960இல் வரைஞ்சு பெரிசாக்கும்), ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம் மாதிரி கணக்கிடும் வசதி) அணைப்பு.

ஓதச்சுவர் (கோத்தகிரி)

விஏவை அப்படியே தள்ளிவிட வேண்டாம். கிரிக்கெட், கார் ரேஸ், ஸ்ட்ராட்டஜி மாதிரி வெளிச்சமான கேம்களுக்கு அந்தத் தடம் உறுத்தாது, விலையும் குறைவு. திகில் கேம், ராத்திரிச் சண்டை என்றால் மேலே சொன்னதுதான் சரி.

மேசைக்கு வருவோம். 34 இன்ச் 21:9இன் அகலம் சுமார் 80 செ.மீ., உயரம் 33 செ.மீ. உயரத்தில் அது 27 இன்ச் சாதாரண மானிட்டர்தான், இரு பக்கமும் நீட்டினது. நீளம் போதும். ஆழம்தான் இடிக்கும். ஸ்டாண்டின் கால் 25 செ.மீ. போல பிடிச்சுக்கும், திரை முகத்துக்கு வந்துடும். 70, 80 செ.மீ. தூரம் வேணும். பின்னால 100 × 100 மி.மீ. வீசா துளை (ஆர்ம் மாட்டும் ஸ்க்ரூ துளை) உள்ள மாடலா வாங்கி, மேசை ஓரத்தில் கவ்வும் கிளாம்ப் ஆர்ம் போடுங்க. ஸ்டாண்ட் இல்லாத எடையை மாடல் விவரத்தில் பார்த்து, அதைவிட 2 கிலோவாவது கூடத் தாங்கும் ஆர்ம் எடுங்க. தாங்காத ஆர்ம் மெல்லத் தலை கவிழும்.

ஓதம் ஏறின வெளிச்சுவரில் மட்டும் மாட்டாதீங்க. ஸ்க்ரூ துருப்பிடிக்கும், பின்பக்கத் துளை வழியா ஈரம் போகும். ஒரு சாண் இடைவெளி விடுங்க. மேகம் ஏறும் நேரம் ஜன்னலைச் சாத்துங்க. ராத்திரி முழுக்க குளிர்ந்து கிடந்த மானிட்டர் மேல ஈரக்காற்று பட்டா வேர்த்துக்கும். அப்படி வேர்த்திருந்தா துணியால் ஒத்தி எடுத்து, இரண்டு மணி நேரம் கழிச்சுத்தான் ஸ்விட்ச் போடணும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிடும், பருத்தித் துணி போதும்.

யுபிஎஸ்: இதில் வரும் விஏ (வோல்ட்-ஆம்பியர், மின்திறன் அளவு) வேற, பேனல் விஏ வேற! 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். 3060 கார்டு மட்டும் 170 வாட், பிராசசர், போர்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்தா கேம் நடுவில் 330ஐத் தாண்டும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கத்திட்டு அணைஞ்சுடும். 1000 விஏ, 600 வாட் எடுங்க. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினா பின்னால இருக்கும் ஸ்விட்சை யுபிஎஸ் மோடில் வைங்க, மற்ற மோடில் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

மரம் விழுந்து லைன் போய், திரும்பி வரும்போது எகிறும் வோல்டேஜ்தான் மானிட்டரைக் கொல்லும், லோ வோல்டேஜ் அல்ல. அடாப்டர் 100 முதல் 240 வரை தாங்கும். கரண்ட் போனதும் பிளக்கை உருவிடுங்க. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் இடி அதிகம், அப்போ கேபிள் டிவி பெட்டியோட எச்டிஎம்ஐ வயரையும் கழட்டணும். இடி அந்த வழியாவும் வரும்.

பனிமூட்டம் (குன்னூர்)

ரொம்ப நன்றிங்க. அப்போ ஐபிஎஸ், ஆர்ம், 1000 விஏ யுபிஎஸ். எல்லா கேமும் 21:9இல் முழுசா வருமா? எந்த கேபிள் போடணும்?

கேத்தி_கணினி

எல்லாம் வராது. எல்டன் ரிங் 16:9இலேயே நிற்கும், இரு பக்கமும் கறுப்புப் பட்டை. பிளேஸ்டேஷன் 5உம் 21:9 அனுப்பாது. 16:9 படம் ஓடும்போது ஒவ்வொரு பக்கமும் 440 பிக்சல் சும்மா கிடக்கும், நடுவில் கிடைப்பது 27 இன்ச் அளவு. யூடியூபும் அப்படித்தான்.

டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கேபிள் போடுங்க. பல மானிட்டரில் இருக்கும் எச்டிஎம்ஐ 2.0 இந்த ரெசல்யூஷனில் 100 ஹெர்ட்ஸோட நின்னுடும். மாட்டினதும் விண்டோஸ் 60இலேயே இருக்கலாம். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் மானிட்டரோட உச்ச ஹெர்ட்ஸை (144 போல) தேர்ந்தெடுக்கணும். எழுத்து உங்க பழைய திரையைவிட ஆறில் ஒரு பங்கு சிறுக்கும், கண் சிரமப்பட்டா எக்ஸெல்லில் ஜூம் 115 வைங்க. பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் இலவச மென்பொருளில் ஃபேன்சிஸோன்ஸ் போட்டு திரையை மூணாப் பிரிச்சா டாலி, எக்ஸெல், பிரவுசர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

34 இன்ச்சிலேயே 2560 × 1080 என்று மலிவா ஒண்ணு காட்டுவாங்க. அதில் எழுத்து உங்க 24 இன்ச்சைவிட மோசமாச் சிதறும்.

ஓதச்சுவர் (கோத்தகிரி)

ஆர்டர் போடும் முன்னாடி 643101 பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து சர்வீஸ் உண்டான்னு கம்பெனி தளத்தில் பாருங்க. இல்லேன்னா பேனல் கோளாறுக்கு பெட்டியைக் கட்டி கோவைக்கு இறக்கணும். டெலிவரி ஆள் நிற்கும்போதே பிரிச்சு, வளைவுப் பகுதியில் விரிசல் இருக்கான்னு பார்த்து வீடியோ எடுங்க. தெர்மாகோலையும் அட்டைப்பெட்டியையும் வாரண்டி முடியும்வரை பரண்ல வைங்க. வளைவு பேனலை அது இல்லாம மலை இறக்கினா உடைஞ்சுதான் போய்ச் சேரும்.