தேர்வறையில் ஸ்க்ரைப்பா, கணினியா: உதவி மையம் எதை முதலில் வைக்க வேண்டும்?

இளவெயில்:

பார்வையற்றவர், குறைபார்வை உள்ளவர், கையால் எழுத முடியாதவர் என யார் போய் நின்றாலும், பல்கலைக்கழகங்களின் மாற்றுத்திறன் மாணவர் உதவி மையங்கள் பலவும் முதலில் நீட்டுவது ஸ்க்ரைப் (மாணவர் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) விண்ணப்பத்தைத்தான். கணினியில் எழுதுகிறேன் என்றால் தனிக் கடிதம், துறைத் தலைவர் ஒப்புதல், தேர்வுப் பிரிவின் அனுமதி என்று ஒரு சுற்று அலைய வேண்டும். இது தலைகீழாக மாற வேண்டும். கணினி வழக்கம், ஸ்க்ரைப் விதிவிலக்கு. இதுதான் என் கட்சி.

பொருளியல் தேர்வில் மாணவர் "தேவை நெகிழ்ச்சி" என்கிறார். பாடம் தெரியாத ஸ்க்ரைப்பின் காதில் அது "தேவை நிகழ்ச்சி" என்று விழுகிறது, அப்படியே எழுதிவிடுகிறார். விடைத்தாள் முழுக்க அதே பிழை. மாணவருக்குப் பாடம் தெரியவில்லை என்றுதான் திருத்துபவர் நினைப்பார். பாடம் தெரிந்தவரை உட்கார வைத்தாலோ, விடை யாருடையது என்ற சந்தேகம் மாணவர் மேல் வந்து நிற்கும். அதற்குப் பயந்து, ஸ்க்ரைப்பின் படிப்பு மாணவரின் படிப்பைவிடக் கீழே இருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். முதுகலை மாணவர் ஒருவர் தன் துறையின் கலைச்சொல் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிச் சொல்ல எவ்வளவு நேரம் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டுரை விடையை யாரும் நேர்கோட்டில் எழுதுவதில்லை. மூன்றாம் பத்திக்கு வந்தபின் முதல் பத்தியில் ஒரு வரி சேர்க்கத் தோன்றும். கணினியில் மேலே போய்ச் சேர்த்துவிட்டு வந்துவிடலாம். ஸ்க்ரைப்பிடம் "முதல் பத்தியைப் படியுங்கள், இல்லை, அதற்கு முந்தின வாக்கியம்" என்று தேடி, ஓரத்தில் அம்புக்குறி போட்டுச் செருகச் சொல்ல வேண்டும். இரண்டு முறை கேட்டவர் மூன்றாம் முறை கேட்கக் கூசுவார். அந்தக் கூச்சத்தில் போகும் மதிப்பெண் எந்தப் பதிவேட்டிலும் வராது.

பார்வையற்றவர் கணினியில் எழுதத் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் வேண்டும். என்விடிஏ 2006இல் தொடங்கப்பட்ட இலவசத் திரைவாசிப்பான். பணமில்லை என்று எந்த மையமும் சொல்ல முடியாது.

மறுகரை:

நோக்கத்தில் சண்டை இல்லை, வழியில்தான். கணினி வழக்கம் என்று விதிப்புத்தகத்தில் ஏறிவிட்டால் அலுவலகம் அடுத்துச் செய்யும் காரியம், ஸ்க்ரைப் பட்டியலைப் பராமரிப்பதை நிறுத்துவது. அடுத்த பருவத்தில் உண்மையாகவே ஸ்க்ரைப் வேண்டிய மாணவர் வந்தால் ஆள் இருக்காது.

இலவச மென்பொருள் என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. வினாத்தாள் எந்த வடிவில் வருகிறது? அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்த பிடிஎஃப். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், ஒரு வரிகூட வாசிக்காது. தமிழ்வழி வினாத்தாள் இன்னும் மோசம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் "அம்மா" என்ற சொல்லைத் திரைவாசிப்பான் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பார்க்கும். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை, உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தேர்வு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து இது தெரியவந்தால் கண்காணிப்பாளர் என்ன செய்வார்? தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். பயிற்சியில்லாத ஸ்க்ரைப்பிடமே மாணவர் வந்து சேருவார்.

ஸ்க்ரைப் செய்யும் பிழையைச் சொன்னீர்கள். கணினியில் மாணவரே செய்யும் பிழையையும் சொல்லுங்கள். தமிழ்க் கணினிக் குரல்களில் ல, ள வேறுபாடு பல வேளை காதில் பிடிபடாது. ந, ன கேட்கவே கேட்காது. "பள்ளி" என்பதைப் "பல்லி" என்று அடித்துவிட்டு வரி வரியாகக் கேட்டால் சரியாகத்தான் ஒலிக்கும். எழுத்தெழுத்தாக அம்பு விசையில் நகர்ந்தால்தான் தெரியும். மூன்று மணி நேரத் தேர்வில் யார் அப்படிச் சரிபார்ப்பார்?

படிப்பின் நடுவில் பார்வையை இழந்தவருக்குப் பிரெய்லும் வராது, பார்க்காமல் தட்டச்சும் வராது. தமிழ்99 விசையமைப்பு விரலில் படிய மாதங்கள் ஆகும். அதுவரை அவர் எதில் எழுதுவார்?

இளவெயில்:

நீங்கள் அடுக்கியவை எல்லாம் வினாத்தாள் தயாரிப்பின் குறைகள். அவற்றைத் தீர்க்க முடியும், வழியும் சிக்கலானதல்ல.

வினாத்தாள் எடுப்பவர் தட்டச்சு செய்த மூலக் கோப்பையே வாங்க வேண்டும், அச்சுப்படியை அல்ல. யூனிகோடில் (தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் குறியீட்டு முறை) இருக்கிறதா என்று பார்க்க ஒரு பத்தியை நோட்பேடில் ஒட்டினால் போதும். ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் எழுத்துரு மாற்றியில் போட்டு, பிறகு ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாற்றிகள் கொம்பு, கால் வரும் எழுத்துகளில் தடுமாறும். பகுதி அ, பகுதி ஆ, ஒவ்வொரு வினா எண் ஆகியவற்றுக்குத் தலைப்புப் பாணி கொடுங்கள். பிறகு மாணவர் எச் விசையை அழுத்தி வினாவுக்கு வினா தாவலாம். வெறுமனே தடித்த எழுத்தில் போட்டால் தாவ முடியாது. அட்டவணைக்கு முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தி அம்பு விசையில் நகரும் மாணவருக்கு "42" என்று மட்டும் கேட்கும், எந்த ஆண்டின் 42 என்று தெரியாது.

கணினியையும் முந்தின நாளே தயார் செய்ய வேண்டும். விண்டோஸின் தமிழ்க் குரல் வள்ளுவரை நிறுவ இணையமும் நிர்வாகி அனுமதியும் தேவை, தேர்வன்று இரண்டும் இருக்காது. என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் குரல் மென்பொருளில் தமிழ் உண்டு, ஆனால் பழகாத காதுக்கு அது கரடுமுரடு. மடிக்கணினிகள் சிலவற்றில், என்விடிஏ கட்டளைகளுக்கு வேண்டிய இன்சர்ட் விசை கைக்கு எட்டாத மூலையில் இருக்கும், முழு அளவு விசைப்பலகையை வெளியே இணையுங்கள், அல்லது கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக மாற்றுங்கள். வேர்டின் தானியங்கி மீட்பு வழக்கமாகப் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான், அதை 1 ஆக்குங்கள். அப்போதும் கன்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கம் வேண்டும். ஹெட்போன் இரண்டு வேண்டும்.

கண்காணிப்பாளருக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதித் தர வேண்டும். பதற்றத்தில் மாணவர் இன்சர்ட்டோடு எஸ்ஸை அழுத்திவிட்டால் பேச்சு நின்றுவிடும். கணினி செத்துவிட்டது என்று மறுதொடக்கம் செய்யப் பார்ப்பார்கள். அதே விசைகளை மறுபடி மறுபடி அழுத்தினால் சில முறையில் குரல் திரும்பும்.

கோணமானி:

இருவரும் கட்டுரை விடைகளையே பேசுகிறீர்கள். அறிவியல், கணிதத் துறைகளுக்கு வாருங்கள்.

சமன்பாடு படமாக இருந்தால் திரைவாசிப்பான் "கிராஃபிக்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடும். மேத்எம்எல் (சமன்பாட்டை எழுதும் கணினிக் குறியீடு) உள்ள இணையப்பக்க வடிவில் தந்து, என்விடிஏவில் கணிதத்தை வாசிக்கும் மேத்கேட் வசதி இருந்தால் பின்னத்தின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என்று உள்ளே நுழைந்து நகரலாம். விடையை லேடெக் குறியீட்டில் (சமன்பாட்டைச் சாதாரண விசைகளாலேயே எழுதும் முறை) அடிக்கலாம், ஆனால் அதை முதல் பருவத்திலேயே கற்றுத்தர வேண்டும். நீண்ட வகுத்தல், அணிகள் போன்றவற்றுக்கு ரஃப் வேலை எங்கே செய்வது? பிரெய்ல் தாளும் எழுத்தாணிப் பலகையும் மேசையில் இருக்க வேண்டும். இதை முறைகேட்டுப் பொருள் என்று வாசலிலேயே பிடுங்கும் கண்காணிப்பாளர்கள் உண்டு.

படங்கள்தான் பெரிய சிக்கல். "கீழ்க்கண்ட வரைபடத்தின் கோட்டம் எவ்வகையது?" என்று புள்ளியியலில் ஒரு வினா. "வலப்புறம் நீண்ட வால் உள்ளது" என்று விவரணை எழுதினால் விடையே வெளியே வந்துவிடும். விவரணை இல்லாவிட்டால் வினாவே இல்லை. இங்கே பட்டைகளின் உயரங்களை எண்களாக அட்டவணையில் தரலாம், மாணவர் அதிலிருந்து வடிவத்தை ஊகிக்க வேண்டும், சோதிக்கப்படும் திறன் கெடாது. மின்சுற்றுப் படம், உயிரணுப் படம் என்றால் வீங்குதாளில் அச்சிட்டுச் சூடேற்றித் தொட்டறியும் படமாக்க வேண்டும். கருப்புக் கோடு மட்டும் எழும்பும். புத்தகப் படத்தை அப்படியே அனுப்பினால் வேலைக்கு ஆகாது: கோடுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டராவது இடைவெளி இல்லாவிட்டால் விரலுக்கு எல்லாம் ஒரே மேடுதான். தேவையில்லாத கோடுகளை நீக்கி மறுபடி வரைய வேண்டும்.

இந்த விவரணையை உதவி மைய ஊழியர் எழுதக் கூடாது. எந்தத் திறனைச் சோதிக்கிறோம் என்று வினா எடுத்தவருக்குத்தான் தெரியும்.

மறுகரை:

கோணமானி சொன்னதே என் பக்கத்துக்குப் போதும். இவ்வளவும் நடக்கிற இடங்களில் கணினியை வையுங்கள், நடக்காத இடத்தில் மாணவரைப் பலி கொடுக்காதீர்கள்.

ஸ்க்ரைப் முறையையும் ஒழுங்காக நடத்தலாம். "வர்க்கமூலம் எக்ஸ் கூட்டல் ஒன்று" என்றால் ஒன்று மூலத்துக்கு உள்ளேயா வெளியேயா? "வர்க்கமூலம் தொடக்கம், எக்ஸ் கூட்டல் ஒன்று, மூலம் முடிவு" என்று சொல்லும் முறையை இருவரும் தேர்வுக்கு முன்பே சேர்ந்து பழக வேண்டும். "நெகிழ்ச்சி" போன்ற சொற்களுக்கு, முதல் முறை வரும்போது ஸ்க்ரைப் எழுத்துக்கூட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தால் போதும், இரண்டாம் முறை தேவைப்படாது. பக்கம் முடிந்ததும் திருப்பி வாசிப்பது ஸ்க்ரைப்பின் கடமை, மாணவர் கேட்டால்தான் என்றிருக்கக் கூடாது. இளவெயில் சொன்ன கூச்சம் அதோடு போய்விடும். மாற்று ஸ்க்ரைப் ஒருவர் வளாகத்திலேயே இருக்க வேண்டும்.

பெருமூளை வாதம் உள்ள மாணவரை யோசியுங்கள். விசைப்பலகை கைவராது, பேச்சைத் தட்டச்சாக்கும் மென்பொருள் அவர் பேச்சைத் தவறாகவே எடுக்கும். அவர் பேச்சுக்குப் பழகிய ஒரு மனிதர்தான் அவருடைய பேனா. அவரிடம் போய் நீங்கள் விதிவிலக்கு, காரணம் காட்டி விண்ணப்பியுங்கள் என்று சொல்வீர்களா? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு உயர்கல்வியில் நியாயமான தகவமைப்பைக் கேட்கிறது. அந்தத் தகவமைப்பை 2ஆவது பிரிவு தனித்தனி நேர்வின் தேவையை வைத்தே வரையறுக்கிறது. எல்லாருக்கும் ஒரே வழக்கம் என்பது அதற்கு நேர் எதிர்.

தூவானம்:

நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கூடுதல் நேரம் 50 விழுக்காடு என்றால் 3 மணித் தேர்வு நாலரை மணி ஆகிறது. ஒரே நாளில் இரண்டு தேர்வு வந்தால் 9 மணி. அட்டவணை போடும்போதே இதைப் பிரிக்காவிட்டால் கொடுத்த சலுகையே தண்டனை ஆகிவிடும். நாள்பட்ட வலி, நீரிழிவு உள்ள மாணவர் பலருக்குக் கூடுதல் நேரத்தைவிடக் கடிகாரத்தை நிறுத்தும் இடைவேளைதான் உதவும்: எழுந்து போன நேரம், திரும்பி வந்த நேரம் இரண்டையும் கண்காணிப்பாளர் தாளில் குறித்துக் கையொப்பமிட வேண்டும், அவ்வளவு நிமிடம் கடைசியில் சேரும். ஸ்க்ரைப், கணினி என்ற இந்தச் சண்டையில் அவர்களுக்கு இடமே இல்லை.

இளவெயில்:

தூவானம் சொன்னது சரி, அது விண்ணப்பத்தில் தனிக் கேள்வியாகவே வர வேண்டும்.

மறுகரை, பெருமூளை வாதம் உள்ள மாணவரைக் காரணம் காட்டி விண்ணப்பிக்கச் சொல்ல மாட்டேன். ஒரே படிவம், அதில் ஸ்க்ரைப், கணினி, இரண்டும் என மூன்று கட்டங்கள், எதற்கும் தனி அனுமதி கூடாது. இதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றில் நகர மாட்டேன். ஏற்பாடு இல்லாத இடத்தில் கணினி வேண்டாம் என்று நீங்கள் சொல்லும்வரை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்பாட்டைத் தொடங்காது. ஸ்க்ரைப் இருக்கிறாரே என்ற ஆறுதலில்தான் ஸ்கேன் பிடிஎஃப் ஆண்டாண்டாக ஓடுகிறது. கணினி கேட்கும் மாணவர் ஒருவர் இருந்தாலே வினாத்தாள் எடுப்பவர்களுக்கு யூனிகோடு மூலக் கோப்பு கட்டாயம் என்று சுற்றறிக்கை போக வேண்டும். கேட்காவிட்டாலும் போக வேண்டும் என்பேன், ஸ்க்ரைப் வாசிப்பதற்கும் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கும் அதே கோப்புதான் வேண்டும்.

மறுகரை:

சுற்றறிக்கையை ஆதரிக்கிறேன். அதோடு ஒத்திகையையும் சேருங்கள்: பருவத் தேர்வுக்கு ஆறு வாரம் முன்பு, அதே அறை, அதே கணினி, அதே துறையின் பழைய வினாத்தாள், முழு நேரம். அதில் எது உடைந்தது என்று மாணவரும் மையமும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரண்டு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் ஸ்க்ரைப்பை அமர்த்திப் பழகவிடும் பொறுப்பு மையத்துடையது. அப்போதும் பழக நாலு வாரம் மிஞ்சும். இந்த நிபந்தனை படிவத்தில் இல்லாமல் உங்கள் மூன்று கட்டத்துக்கு நான் ஒப்ப மாட்டேன்.

கோணமானி:

ஒத்திகைத் தாளில் ஒரு சமன்பாடும் ஒரு படமும் கட்டாயம் இருக்கட்டும். வெறும் உரைநடை வினாக்களை வைத்துச் சரி என்று கையொப்பம் வாங்கிவிடுவார்கள்.